இறக்கத்துக்கு முன்னால் நிறுத்திய வண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் அதேபோல இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்தேன். ஃபோனில் பேசினால் பாதியில் குட்டி அழுகிறாள், மீதியில் உனக்கு ஆபீசிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது, எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. போன வாரம் நடந்ததை முழுசாகச் சொல்ல வேண்டும், அதனால்தான் கடிதம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி.

அப்பாவின் கண் விஷயம் உனக்குத் தெரியும். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிவிட்டது, நேராகப் பார்த்தால் தெரியும், ஓரத்தில் வருவது தெரியாது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் தண்ணீர் பம்ப் விற்க ஊர் ஊராகக் கார் ஓட்டிய மனிதர். அன்றைக்கு டாக்ஸியில் வந்து இறங்கினவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நீயும் வண்டியை விற்றுவிடச் சொன்னாய், அவரும் சரி என்றுதான் சொன்னார், ஆனால் யாராவது வண்டியைப் பார்க்க வருகிறேன் என்றால் அன்றைக்கு அவருக்குத் தலைவலி வந்துவிடும். இப்படியே எட்டு மாதம் உறை போட்டபடி நின்றது. ஒரு நாள் உறையைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு டயர் காற்று இறங்கித் தரையோடு சப்பிக் கிடந்தது, சாவியைத் திருப்பினால் டிக்கென்று ஒரு சத்தம்கூட இல்லை. தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், என்ஜினோடு தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பாரே, நாம்கூட முணுமுணு என்று பெயர் வைத்தோமே, அவர்தான். பேட்டரி செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டு, ஓடுற வண்டியை விட நிக்கிற வண்டிதான்க்கா சீக்கிரம் கெடும், ஒண்ணு வித்துடுங்க, இல்ல வீட்ல யாராவது ஓட்டுங்க என்றார். யாராவது என்று அவர் சொன்ன நிமிஷம் நான் ஓட்டுறேன் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயசில். அப்பா ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார், சிரிக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

டிரைவிங் ஸ்கூலில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். முதல் நாள் வண்டியைக் கிளப்பவே விடவில்லை, உட்காருங்க, எழுந்திருங்க, மறுபடி உட்காருங்க என்று ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டாள். நான் குட்டை என்பதால் ஸ்டீயரிங்கில் மூக்கு இடிக்கிற மாதிரி நெருங்கி உட்கார்ந்தேன், அதற்கு அவள், ஆன்ட்டி, மோதினா அதுக்குள்ளேருந்து பலூன் குத்து விடற மாதிரி வெளிய வரும், உங்க நெஞ்சுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சாணுக்கு மேலேயே இடம் வேணும் என்றாள். அப்புறம் இருக்கையின் பக்கத்தில் இருந்த ஒரு பிடியைக் காட்டி மேலே மேலே இழுக்கச் சொன்னாள், இருக்கை உயர்ந்தது பாப்பா! நம் வண்டியிலும் அந்தப் பிடி இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து அப்பா அதைத் தொட்டதே இல்லை, அவர் உயரத்துக்குத் தேவைப்படவில்லை. அதேபோல டாஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஒரு கையேடு கிடந்தது. இருபத்தாறு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தினவள் கையில் புத்தகம் கிடைத்தால் விடுவேனா, பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். முன் சக்கரங்கள் என்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சக்கரங்கள் என்று அச்சடித்திருக்கிறார்கள், நான் அதைச் சத்தமாகப் படித்ததும் அப்பா எட்டு மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் அந்தப் புத்தகத்தை அவர் மதிக்கவில்லை. நான் முப்பது வருஷம் ஓட்டினேன், ஒரு பக்கம் படிச்சது கிடையாது, வண்டி காதால ஓட்டறது, கண்ணால இல்ல என்பார். நான் படித்துக்கொண்டே இருந்தேன். எந்த விளக்கு மஞ்சளில் எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும், எது சிவப்பில் எரிந்தால் அப்போதே ஓரங்கட்ட வேண்டும் என்பதைத் தனித் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

லைசென்ஸ் முதல் முறை கிடைக்கவில்லை, பின்னால் எடுக்கும்போது கம்பத்தைத் தொட்டுவிட்டேன். இரண்டாவது முறை கிடைத்தது. புது பேட்டரி போட்டு, டயருக்குக் காற்று அடித்து, மூன்று மாதமாகக் கடை, நூலகம், அத்தை வீடு என்று பக்கத்திலேயே ஓட்டிப் பழகினேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என்னை விட அதிகமாக வியர்ப்பார், இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்து மிதித்து அந்தப் பக்கத்துத் தரைவிரிப்பே கசங்கிவிட்டது. போன வியாழக்கிழமைதான் முதல் தடவையாக மலைப்பாதையில் போனோம், மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கண் ஆஸ்பத்திரியில் பதினொரு மணிக்கு அவருக்குப் பரிசோதனை. பத்து மணிக்கு லேசாகத் தூறல். மேடு ஏறி முடிக்கிற நேரத்தில் ஒரு வளைவில் திரும்பும்போது டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு மின்னி அணைந்தது. அடுத்த வளைவில் மறுபடி மின்னியது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, பிரேக் விளக்கு. என்னங்க, பிரேக் விளக்கு எரியுது என்றேன். ஹேண்ட் பிரேக்கை முழுசா இறக்கியிருக்க மாட்டே, அது அப்படித்தான் சும்மா மினுக்கும், போ என்றார். கையை வைத்து அழுத்திப் பார்த்தேன், முழுசாக இறங்கித்தான் இருந்தது. விளக்கு இப்போது அணையாமல் எரிய ஆரம்பித்தது. காலை லேசாகப் பிரேக்கில் வைத்தேன், வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் பெடல் இன்னும் கீழே போயிற்று, ஊறிய பஞ்சை மிதிக்கிற மாதிரி. அந்த மேடு முடிந்ததும் பாதை எப்படி இறங்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரேயடியாக இறங்கி நேராகப் பள்ளிக்கூடத்து வாசலில்தான் போய் முடியும்.

நிறுத்தப் போறேன் என்றேன். பதினொரு மணிக்கு டாக்டரைப் பாக்கணும், இந்த நாளை விட்டா இன்னும் ரெண்டு மாசம் ஆகும், நான் சொல்றேன்ல, ஒண்ணும் ஆகாது போ என்று அப்பா சத்தம் போட்டார். கல்யாணம் ஆகி முப்பத்தைந்து வருஷத்தில் வண்டி விஷயத்தில் நான் அவர் பேச்சைத் தட்டியதே இல்லை. அன்றைக்குத் தட்டினேன். அவசர விளக்கைப் போட்டேன், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்தேன், வண்டி தானாகவே தளர்ந்தது, பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, கடைசியில் ஹேண்ட் பிரேக்கை மெதுவாகத் தூக்கி, மேட்டின் உச்சியில் லாரிகள் ஒதுங்கும் சமதரையில் நிறுத்திவிட்டேன். இறக்கம் எங்களுக்கு முன்னால் இருபது அடியில் இருந்தது. இறங்கி, டிக்கியிலிருந்து சிவப்பு முக்கோணத்தை எடுத்துப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு முன் மூடியைத் திறந்து பார்த்தேன், பிரேக் ஆயில் டப்பாவில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கொஞ்சம்தான் இருந்தது. அப்பா சுற்றி வந்து, பின் சக்கரத்தின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவி, முகர்ந்து பார்த்தார். விரல் நனைந்திருந்தது.

முணுமுணுவுக்கு ஃபோன் போட்டேன், வண்டியை அசைக்காதீங்க, கட்டி இழுக்கிற வண்டியோட வர்றேன், ஒரு மணி நேரமாகும் என்றார். உள்ளே உட்காராமல் சாலையை விட்டுத் தள்ளி ஒரு மதகுச் சுவரில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெகுநேரம் அப்பா கீழே தெரிந்த பள்ளிக்கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே பேசினார், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்த விளக்கு எனக்கும் போன வருஷம் ரெண்டு தடவை மினுக்குச்சு, நான் ஆயிலை ஊத்திட்டு விட்டுட்டேன், எங்க போகுதுன்னு பாக்கலை. நம்ம வீட்டு கேட் தூணை லாரிக்காரன் இடிச்சான்னு சொன்னேன்ல, அவன் இடிக்கலை, நான்தான். அப்புறம் ஒரு நாள் சைக்கிள்ல ஒரு பொண்ணு பக்கத்துல வந்திருக்கா, எனக்குத் தெரியவே இல்ல, அவ கத்தினப்புறம்தான் பார்த்தேன், ஒரு கை அகலத்துல தப்பிச்சா. வீட்டுக்கு வந்து தலைவலின்னு சொல்லிப் படுத்துக்கிட்டேன். அது டாக்டர் நிறுத்தச் சொல்றதுக்கு நாலு மாசம் முன்னாடி நடந்தது. நாலு மாசம் தெரிஞ்சே ஓட்டினேன். இதைச் சொல்லிவிட்டு, நீங்கல்லாம் எங்கிட்டேருந்து சாவியை வாங்கிடுவீங்கன்னு பயந்தேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது பாப்பா, பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பெண் யார் பெற்ற பிள்ளையோ என்று நெஞ்சு பதறியது. இதை அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கணும் என்று மட்டும் சொன்னேன். ஆமா என்றார். அவர் அப்படிச் சாக்குச் சொல்லாமல் ஆமா என்றதை நான் முதல்முறையாகக் கேட்டேன், கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

முணுமுணு வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, சக்கரத்துக்குள்ள பிரேக்கை அழுத்துற வீல் சிலிண்டர் ஒழுகுது என்று அதனோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, யார் நிறுத்தினது என்று கேட்டார். அப்பாதான் பதில் சொன்னார், அவதான், நான் போகச் சொன்னேன், அவ நிறுத்தினா என்று. முணுமுணு என்னை ஏற இறங்கப் பார்த்து, அக்கா, அந்தப் புத்தகத்தை எனக்கும் ஒரு நாள் குடுங்க என்றார். வண்டியைக் கடைக்கு இழுத்துப்போய், இரண்டு பின் சக்கரத்துக்கும் சிலிண்டர், பிரேக் கட்டை எல்லாம் மாற்றி, பழைய ஆயிலை முழுக்க வடித்துப் புதுசு ஊற்றிக் கொடுத்தார். கண் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னதும் செவ்வாய்க்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள், ரெண்டு மாசம் ஆகும் என்று அப்பா சொன்னது சும்மா. போய்வந்தோம், சொட்டு மருந்து வேலை செய்கிறது, மிச்சம் இருக்கிற பார்வை இப்படியே நிற்கும் என்று டாக்டர் நம்பிக்கையாகச் சொன்னார். இறக்கத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கினேன், பின்னால் ஒருவன் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான், வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வண்டியை விற்கப் போவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாராவாரம் காலையில் இருவரும் சேர்ந்தே அதைப் பார்ப்பது என்று ஆரம்பித்திருக்கிறோம். வண்டி ஆறியிருக்கும்போதே டயருக்குக் காற்று அளப்பது அப்பா வேலை, டிரைவர் கதவுக்குள் ஒட்டியிருக்கிற தாளில் எவ்வளவு போட்டிருக்கிறதோ அவ்வளவு, கண்ணால் பார்த்து நல்லாத்தான் இருக்கு என்று சொல்லும் கதை இப்போது கிடையாது. நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பேன், அவர் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று சொல்வார். என்ஜின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் மூன்றையும் பார்த்து அவர் சொல்லச் சொல்ல நான் தேதி போட்டு எழுதுவேன். நேற்று அவரே கையேட்டைக் கேட்டு வாங்கினார், லென்ஸை வைத்துக்கொண்டு நாற்பது பக்கம் படித்திருக்கிறார், இன்னொரு அச்சுப்பிழையும் கண்டுபிடித்துவிட்டார், அதற்கு இப்போது வீட்டில் ஒரே பெருமை.

இனி உன் விஷயம். உன் வண்டியில் ஒரு மாதமாக மஞ்சளாக ஏதோ எரிகிறது, அது பழகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டு. குட்டியைப் பின் இருக்கையில்தான், பின்னோக்கிப் பார்க்கிற அவள் நாற்காலியில்தான் உட்கார வைக்க வேண்டும், அழுகிறாள் என்று வார்ப்பட்டையைத் தளர்த்தாதே, முன் இருக்கைப் பக்கமே கொண்டுபோகாதே. மாப்பிள்ளை ஓட்டும்போது ஃபோனைப் பார்க்கிறாரா என்று நான் கேட்கவில்லை, நீ கேள். நேரத்துக்குச் சாப்பிடு. எல்லா நலமும் பெற்று, நல்லபடியாகப் போய் நல்லபடியாக வந்து, மனசு நிறைந்து இருங்கள். குட்டிக்கு என் முத்தம். உன் வண்டியைக் காட்டிவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதிப் போடு, மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா

பாப்பா, அப்பா எழுதறேன். கோடு கோணலா இருக்கும், கண்டுக்காதே. உங்கம்மா வளைவுல கொஞ்சம் சீக்கிரம் திருப்பறா, பார்க்கிங் இன்னும் சுமார்தான். ஆனா நேத்து அவ ஓட்டும்போது நான் தூங்கிட்டேன்.