முட்டைக்குள் புழு

மார்ச் 9, திங்கள்
காலையிலேயே அனல். எங்கள் கம்பெனித் தீவனம் வாங்கும் இரண்டு பண்ணைகளுக்குப் போக வேண்டும். அதற்குள் அக்கா போன்: "தம்பி, முட்டைக்குள்ள உசுரோட ஒண்ணு நெளியுதுடா." எல்லாவற்றையும் விட்டுவிட்டு அக்கா ஊருக்கு, புதுச்சத்திரத்துக்கு, ஓடினேன்.

பக்கத்து வீட்டுக் காளமணி, பிள்ளை பெற்ற தன் மகளுக்காக, என் அக்காவிடம் வாங்கிய நாட்டுக்கோழி முட்டை. கிண்ணத்தில், வெள்ளைக்கருவுக்குள், விரல் நீளப் புழு. கால்நடை மருத்துவம் படித்தவன் நான். பாடத்தில் இது ஒரே ஒரு வரி. நேரில் பார்த்ததும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

காளமணி, என் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு: "செய்வினைதான் அம்மிணி. உன்ற பொழப்பு ஆருக்கோ பொறுக்கல." தெருவே தலையாட்டியது.

எனக்குப் பொறுமை ஏது? செய்வினையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோழிக்குடலில் இருக்கும் உருண்டைப்புழு. கீழே இறங்கி, வழி தவறி முட்டைக்குழாயில் ஏறியிருக்கிறது. அதன்மேல் ஓடு கட்டிவிட்டது. சொல்லிவிட்டேன்.

காளமணி தோளிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப இத்தன நாளா பச்ச ஒடம்புக்காரிக்கு இதையாங்க தம்பி ஊட்டுனேன்?"

மார்ச் 10
இளைத்த கோழி ஒன்றை அறுத்தேன். குடல் முழுக்க இடியாப்பம் மாதிரி புழு. இவ்வளவா!

பட்டிக்குள் மூன்று மயில். அக்கா கோழிகளோடு சேர்த்து அவற்றுக்கும் சோளம் இறைக்கிறாள். மயில் எச்சத்தை ஆபீஸ் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அதே புழுவின் முட்டைகள். யாரிடமிருந்து யாருக்கு வந்ததோ.

"மயிலை உள்ளே விடாதே."

"முருகன் ஏறுற வாகனத்தத் தொரத்தச் சொல்றியா? வேணும்னா நீ தொரத்து."

தண்ணீரில் குடற்புழு மருந்து. பட்டிக் குப்பை வழித்தாயிற்று. முட்டை எல்லாம் குழிக்கு.

மார்ச் 12
அக்கா பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம். "செய்வினைன்னு இருந்தப்ப அத்தன பேரும் எம்பக்கம் நின்னாங்க. நீ வந்து என்னையச் சுத்தமில்லாதவளா ஆக்கிட்டுப் போயிட்ட. இப்ப முட்டைக்குன்னு ஒருத்தரும் வர்றதில்ல."

நான் சொன்னதில் என்ன தப்பு? 

மார்ச் 28, சனி
கோழி எச்சத்தைச் சோதித்தேன். புழு முட்டை இல்லை. அக்காவே போய்க் காளமணியைக் கூட்டிவந்தாள். நான்கு முட்டை உடைத்துக் காட்டினாள். சுத்தம். ஆம்லெட் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"டாக்டரே திங்கட்டும், பாத்துக்குங்கக்கா."

"அதுவுஞ் செரிதான். தம்பி சாப்புட்டா நானும் வாங்கிக்கறனுங்க." காளமணி, வாசலில் நின்றபடியே.

வெங்காயம், மிளகு, நல்ல மணம். புழு இல்லை. சோதித்தவனே நான்தான். ஒரு துண்டு பிட்டேன். உள்ளே வெள்ளையாக ஓர் இழை. வெங்காயம்தான். வாய் திறக்க மறுத்தது.

காளமணி செருப்பை மாட்டிக்கொண்டாள்.