ஏரி உடைக்கும் பொத்தான்

மார்ச் 3, செவ்வாய்
காலை ஷிஃப்டில், சோதனையில் இரண்டு சர்க்யூட் போர்டைத் தவறாக பாஸ் பண்ணிவிட்டேன். கவனமெல்லாம் எங்கள் கேமில். சோழர் காலத்துப் போர் விளையாட்டு. படம் நான், கோடிங் என் கூட்டாளி புருஷோத்தமன். கேம் கம்பெனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டிருக்கிறார்கள். பிடித்துவிட்டால் வல்லம் வடகால் ஃபேக்டரி பஸ்ஸில் இனி நான் ஏற வேண்டாம். பிடிக்காவிட்டால்?

மார்ச் 5, வியாழன்
புருஷோத்தமனோடு மறுபடி சண்டை. வீரனுக்கு உடம்பு முழுக்க இரும்புக் கவசம் மாட்டியிருந்தான். இந்த வெயிலில் வெந்தே செத்திருப்பான் என்றேன்.
"கெத்தா இருக்குல்ல மதி?"
"ஆதாரம் காட்டு." கல்வெட்டு, சிற்பம் — எதிலாவது இருக்கிறதா? முனகிக்கொண்டே எடுத்தான். ஆனால் ஏரிக்கரையை உடைக்கும் பொத்தானைத் தொடவிடவில்லை. ஒரே அழுத்து, கீழே நிற்கும் எதிரிப் படை காலி. கேம் கம்பெனிக்குப் பிடித்ததே அதுதானாம். ஏரி இருந்தது, கரை இருந்தது, தப்பில்லையே என்று நானும் விட்டுவிட்டேன்.

மார்ச் 7, சனி
லைனில் என் பக்கத்து சீட் இசைவாணி. ஃபேக்டரி பஸ்ஸில் அவளிடம் போனைக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் நீலமாக, அழகாக இறங்கியது. படையோடு நான் வரைந்த கூரை வீடுகளும் முங்கின.
"வூட்ல ஆளுங்க இல்லியா?"
"வரையலடி."
"சொல்லாம கொள்ளாமவா தொறப்பாங்க?" போனைக் கவிழ்த்து என் மடியில் வைத்தாள்.
ஏரியைத் திறந்துவிட்ட 2015 வெள்ளத்தில் இரண்டு நாள் மொட்டை மாடியில் கிடந்தவள். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எப்படிடீ அவகிட்ட நீட்டின? அறிவே இல்லையா உனக்கு?

மார்ச் 8, ஞாயிறு
வீடுகளில் ஆட்களை வரைந்தேன். ஆடு மாடு, ஒரு தொட்டில். பறை அடித்தால் ஊர் மேட்டுக்கு ஏறும். பிறகுதான் கரை உடையும். அதற்குள் எதிரி கோட்டையை நெருங்கிவிடுவான்.
"கவசத்துக்கு ஆதாரம் கேட்டியே, இதுக்கு இன்னா ஆதாரம்?" என்று கத்தினான் புருஷோத்தமன்.
இல்லை. ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எடுக்க மாட்டேன் என்றேன். திட்டிக்கொண்டே செய்துகொடுத்தான். அனுப்பியாயிற்று.

மார்ச் 11, புதன்
பதில் இல்லை.

மார்ச் 13, வெள்ளி
கேம் கம்பெனியின் பதில் வந்தது: 'விறுவிறுப்பு குறைந்துவிட்டது. பழைய பொத்தான் என்றால் பேசலாம்.' புருஷோத்தமன் யோசி என்கிறான். யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறதே, அதுதான் பயம்.

மார்ச் 16, திங்கள்
பஸ்ஸில் இசைவாணி தானாகவே போனைக் கேட்டாள். பறையை அடித்தாள். கடைசி ஆள் மேட்டில் ஏறும்வரை பொறுத்திருந்தாள். கோட்டை போய்விட்டது.
"தோத்துட்டேன்டி!" என்று சிரித்தாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் முதலில் பறைதான்.
பழைய பொத்தான் முடியாது என்று கேம் கம்பெனிக்கு எழுதிவிட்டேன். விளையாட்டின் குறிப்புப் பக்கத்திலும் ஒரு வரி சேர்த்தேன்: 'பறைக்கு எங்களிடம் கல்வெட்டு ஆதாரம் இல்லை.'
நாளைக்கும் காலை ஷிஃப்ட்.