நீ நிரப்பிய சின்ன பாட்டில்

மாப்ள,

இன்று காலை நம் தெருவின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். பிளீச்சிங் பவுடர் வாசனை தொட்டியிலிருந்து இறங்கி, ஏழுமலையையும் ஒரு சுற்றுச் சுற்றி, நேராக என் மூக்குக்கு வந்து சேர்ந்தது. நீதான் வருகிறாய் என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். போனவர்களின் நினைவு மற்றவர்களுக்கு ஊதுவத்தியில் வரும், மல்லிகையில் வரும். எனக்கு பிளீச்சிங் பவுடரில் வருகிறது. என்ன செய்ய? என் தங்கை சாந்தியின் கழுத்தில் தாலி கட்டியபோதே நீ அந்த வாசனையோடுதான் உட்கார்ந்திருந்தாய். புரோகிதர் முந்நூறு முறை தும்மினார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் மட்டும் உண்மை சொல்கிறேன், மூன்று முறை.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பொய்யைச் சொன்னால் "எவ்ளோ கழிச்சிக்கணும் மச்சான்?" என்று கேட்க ஆளில்லாமல், என் பொய்கள் எல்லாம் மேய்ப்பன் இல்லாத ஆடுகளாகத் திரிகின்றன. அதனால்தான் இந்த மடல். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்த அந்தப் பத்து நாளை உன்னிடம் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

நாட்டின் கதவுகள் திறந்துவிட்டன என்று செய்தித்தாள்கள் எழுதிய காலம் அது. நம் ஊருக்குள் அந்தக் கதவு வழியாக முதலில் வந்தது கலர் டிவி, பிறகு வடமாலபேட்டை ரோட்டோரத்தில் என் எஸ்.டி.டி. பூத். தெருவில் பாதிப்பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போய்விட, மீதிப்பேர் என் பூத்தில் நின்று அவர்களோடு கத்திக்கொண்டிருந்தார்கள். நீ பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் இருந்தாய். மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, தொட்டி கழுவுவது. நிரந்தரமில்லாத வேலை. ஆனாலும் என் தங்கை வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது.

அப்போதுதான் அந்த ஐந்து மாணவர்கள் கடல் தாண்டி வந்தார்கள். கூட ஒரு டாக்டரம்மா. திருப்பதியில் தங்கி, தினம் வேனில் நம் ஊருக்கு வந்து குழந்தைகளின் எடை பார்ப்பார்கள், கை கழுவச் சொல்லித் தருவார்கள், குடிக்கிற தண்ணீரைச் சோதிப்பார்கள். தண்ணீர் கெட்டிருந்தால் பைப்பும் மருந்தும் அவர்கள் செலவு. அவர்களில் ஹன்னா என்ற பெண் கொடிமரத்தை விட ஒரு சாண் உயரம். அவள் கையில் மூடி போட்ட தண்ணீர் பாட்டிலைப் பார்த்து நம் தெரு முனியம்மா சொன்னாளே, நினைவிருக்கிறதா? "தண்ணிய கடையில வாங்கிக்கினு வந்து நம்ம தண்ணிய நல்லாக்கீதான்னு பாக்குறாங்களாம். நல்லாக்கீது கத!"

ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போன் பேச வருபவர்களிடம் "ஹோல்டான்" சொல்லிச் சொல்லி அம்மொழியின் ஆழம் கண்டிருந்த நான், மண்டலத்தின் ஒரே பண்டிதனாக நியமனம் ஆனேன். சாப்பிடும் முன் கை கழுவுவாயா என்று ஹன்னா கேட்டாள். "ஞாபகம் வந்தா ஒரு தபா" என்றாள் முனியம்மா. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒருமுறை கழுவுகிறாள் என்று நான் மொழிபெயர்த்தேன். ஹன்னா கண் கலங்கி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். "காச்சாம குடிச்சா வயித்துல முதலை குட்டி போடும்னு அம்மா சொல்றாங்க" என்றேன். அன்று நம் தெருவில் எல்லா அடுப்பிலும் வெந்நீர். நீ மட்டும் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டாய்:

"மச்சான், அந்தம்மா ரெண்டு வார்த்ததான சொன்னாங்க? நீ இன்னாத்துக்கு ரெண்டு முழம் பேசிக்கினு கீற?"

"சும்மா இரு மாப்ள. மொழிபெயர்ப்புன்னா சும்மாவா?"

இனி நான் செய்த வேலைக்கு வருகிறேன். வீடு வீடாக வந்து, நீங்கள் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு, சின்னச் சின்ன பாட்டில்களில் வாங்கிக்கொள்வார்களாம். பாட்டிலுக்குள் ஏதோ மருந்து தடவிய காகிதம். இரண்டு நாளில் தண்ணீர் கறுத்தால் அதில் மலக்கழிவு கலந்திருக்கிறது என்று பொருள். கறுக்காவிட்டால் நல்ல தண்ணீர்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். அது நமக்கு. வீட்டுக்கு வந்தவர்கள் தண்ணீர் கேட்டால் மாந்தோப்புக் கிணற்றுத் தண்ணீர்தான். அதற்கென்று ஒவ்வொரு வீட்டிலும் மூலையில் ஒரு குடம் தனியாக இருக்கும். கடல் தாண்டி வந்தவர்கள் நம் வாசலில் நின்று தண்ணீர் கேட்கப் போகிறார்கள். குழாய்த் தண்ணீரைக் கொடுத்தால் ஊர் மானம் என்ன ஆவது? நானே மாட்டுவண்டியில் டிரம் ஏற்றி, தோப்புக்குப் போய் நிரப்பி, வீட்டுக்கு ஒரு குடம் ஊற்றினேன். ஒரு வீடு விடவில்லை. உன் வீட்டிலும் ஊற்றினேன். தண்ணீர் கெட்டது என்று வந்தால் பழி உன் தலையில் விழுமே, என் தங்கை வீட்டுக்காரனைக் காப்பாற்றுகிறேனே என்று பெருமை வேறு.

வண்டியைப் பார்த்து நீ வால்வு சாவியோடு நின்றாய்.

"இன்னா மச்சான் இது?"

"விருந்தாளிக்கு உப்புத் தண்ணி குடுப்பியாடா நீ?"

நீ சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தாய். உன் மகள் ரேவதிக்கு அப்போது ஒன்றரை வயது. இரண்டு மாதமாக வயிற்றுப்போக்கு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. தெருவில் இன்னும் நாலு பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பல் முளைக்கிறது, சூடு பிடித்திருக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். சாக்கடை ஓரம் பைப் கசிகிறதோ என்று பஞ்சாயத்து செகரட்ரியிடம் நீ மூன்று முறை சொல்லியிருந்ததும், "அது உன் வேலையா?" என்று அவர் உன்னை அதட்டி அனுப்பியதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து பாட்டில்களை வரிசையாக வைத்தார்கள். ஒன்று கூடக் கறுக்கவில்லை. டாக்டரம்மா கைதட்டினார். தண்ணீர் அருமை, பைப்பையும் மருந்தையும் நகரி பக்கத்து ஊருக்கு எடுத்துக்கொண்டு போகிறோம் என்றார். நான் கங்கையைத் தலையில் தாங்கியவன் போல நின்றேன். அன்றுதான் ரேவதிக்குக் கண் உள்ளே போய், அழக் கூடத் தெம்பில்லாமல், புத்தூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினீர்கள்.

மறுநாள் நீ ஹன்னாவிடம் போய் ஒரு காலி பாட்டிலைச் சைகையாலேயே கேட்டு வாங்கியது யாருக்கும் தெரியாது. வீட்டுக் குழாயில் நிரப்பி, ரேவதியின் தூளிக்கு மேலே மாடத்தில் வைத்திருக்கிறாய்.

வழியனுப்பும் கூட்டம் பள்ளிக்கூடத்து வராண்டாவில். பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்ச் மாலை போட்டார். செகரட்ரி தெலுங்கில் பேசினார். நான் இருவரையும் விஞ்சி, இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்த கிழவர்களுக்கு மறுபடி பல் முளைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது நீ ரேவதியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மேஜை மேல் அந்த பாட்டிலை வைத்தாய். தார் மாதிரி இருந்தது.

"இதான் எங்க ஊட்டுக் கொழா தண்ணி. நாங்க குடிக்கிறது. நான் உட்ட தண்ணி."

செகரட்ரி முகம் சிவந்து, உனக்கு வேலை வேண்டாமா என்று தெலுங்கில் பல்லைக் கடித்தார். "ஏமய்யா, நீக்கு உத்யோகம் வத்தா?" நீ அவரைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தாய். டாக்டரம்மாவும் என்னைப் பார்த்தார். நீ என்ன சொல்கிறாய் என்று என்னிடம் கேட்டார்.

மாப்ள, ஒரு கணத்தில் என் மூளை பத்துப் பொய்யைத் தயார் செய்து வரிசையில் நிறுத்தியது. இது மாட்டுத் தண்ணி என்று சொல்லலாம். இவன் கொஞ்சம் புத்தி கலங்கியவன் என்று சொல்லலாம். உன் வேலை பிழைக்கும், என் மானம் பிழைக்கும், வேன் கிளம்பிப் போய்விடும். நீ ஒன்றும் கெஞ்சவில்லை. ரேவதியின் தலை உன் தோளில் வாடிய கொடி போலக் கிடந்தது. "ரெண்டு வார்த்த போதும் மச்சான்" என்றாய்.

"திஸ் இஸ் தி வாட்டர் வீ டிரிங்க்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பிறகு, "தி அதர் வாட்டர், ஐ பிராட்."

கூட்டாமல் குறைக்காமல் நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது. இரண்டாவது வாக்கியம் நீ சொல்லாதது. அது என்னுடையது.

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, பைப் எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் கேட்டார். நீ முன்னால் நடந்தாய். வேன் கிளம்பவில்லை. மீதமிருந்த இரண்டு நாளும் அந்தப் பிள்ளைகள் நம்மோடு சேர்ந்து தோண்டினார்கள். ஹன்னாவின் உள்ளங்கை கொப்பளித்தது. முனியம்மா அதற்கு மஞ்சள் பற்றுப் போட்டு, "கடப்பாரைய இப்பிடியா புடிக்கிறது? சோறு துன்னியா இல்லியா நீ?" என்று திட்டிக்கொண்டே ஊட்டிவிட்டாள். தெருவின் பின்னால், சாக்கடைக்கு அடியில் பைப் இணைப்பு விட்டிருந்தது. மோட்டார் நின்றதும் சாக்கடை நீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. புதுப் பைப் போட்டு, தொட்டியில் மருந்து கலந்து, மறுபடி பாட்டில் நிரப்பினோம். இரண்டு நாள் கழித்தும் அது தெளிவாகவே இருந்ததைப் பார்க்கக் கூடிய கூட்டம் பிரம்மோற்சவத்துக்கும் கூடியதில்லை. சரி, நாற்பது பேர்.

அடுத்த மாதமே உன்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஊர்ப் பேரைக் கெடுத்தவன் என்றார்கள். திருப்பதியில் ஒரு லாட்ஜில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு பஸ் ஏறினாய். என்னால்தான் எல்லாம் என்று நான் ஆரம்பித்தபோது, ஜன்னல் வழியாகச் சொன்னாய்: "வேல போனா போவுது மச்சான். பாப்பா நேத்து ரெண்டு தபா சோறு கேட்டு வாங்கித் துன்னுச்சு." அதோடு பஸ் போய்விட்டது. அதன் பிறகு எத்தனையோ வருஷம், உலகத்தின் அத்தனை பக்தர்களும் மலையேறுமுன் குளித்தது நீ திறந்துவிட்ட தண்ணீரில்தான் என்று நான் சொல்லித் திரிகிறேன். இதில் எவ்வளவு கழிப்பது என்பதை உன்னிடமே விடுகிறேன்.

ரேவதி இப்போது குவைத்தில் நர்ஸ். வாரம் தவறாமல் போன் செய்கிறாள். "நைனா பத்தி எதுனா சொல்லு மாமா, ஏத்தாம சொல்லு" என்கிறாள். உன் விஷயத்தில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை என்பது என் தொழிலுக்கே அவமானம்.

உன் காரியத்துக்குத் திருப்பதியிலிருந்து உறவுக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். விருந்தாளிகளுக்கென்று இப்போதெல்லாம் வீட்டில் கேன் தண்ணீர் இருக்கிறது. மாந்தோப்புக் கிணறு போய், அந்த இடத்துக்கு நீலக் கேன் வந்திருக்கிறது, வழக்கம் போகவில்லை. சாந்தி கேனைத் திறக்கப் போனாள். நான் தடுத்தேன். நீ சொல்லிக் கொடுத்தபடி, குழாய்த் தண்ணீரில் சோதனை மருந்தை ஒரு சொட்டு விட்டு, மஞ்சள் ஏறுகிறதா என்று பார்த்தேன். ஏறியது, தொட்டியில் கலந்த பிளீச்சிங் பவுடர் குழாய் வரை வந்திருக்கிறது என்று பொருள். இதை வாரம் ஒருமுறை தெருமுனைக் குழாயிலும் செய்கிறேன், யாரும் கேட்காமலே. வேறு சொம்பில் பிடித்து, வந்தவர்களிடம் நீட்டினேன்.

லேசாக உப்புக் கரித்திருக்கும். ஒருவர் முகம் சுளித்து, என்ன தண்ணி இது என்று கேட்டார்.

உன் மச்சானுக்கு அருமையான சந்தர்ப்பம், மாப்ள. எத்தனை கதை சொல்லியிருக்கலாம்!

"நாங்க குடிக்கிறது" என்றேன்.