வெடியை யாருக்கும் கொடுப்பதாக இல்லை

நீடாமங்கலம்,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழில்மொழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. போன் இருக்க அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. உன் குரல் கேட்டாலே வெடி வாலை ஆட்டிக் குரைத்துக்கொண்டு கட்டில் மேல் ஏறிக் குதிக்கிறான், நாம் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடிகிறதா? அதனால்தான் டப்ளினுக்கு மகளைப் பார்க்கப் போகிற நம் தெரு ஆயிஷாவிடம் கறிவேப்பிலைப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். சம்பா அறுத்தாகிவிட்டது, நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அப்பா பாதி நேரம் அங்கேதான் காவல்.

குறுவை அறுத்த வயலில் இளவழகன் வாத்து மேய்க்க வந்தபோது வெடி கூட்டத்துக்குள் பாய்ந்ததை உனக்குப் பாதிதான் சொன்னோம். அவர் கத்தவில்லை, செத்த வாத்துகளை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "இதுங்க முட்டைய நம்பித்தான்க்கா எங்க பொழப்பு" என்றார். அப்பா அவருக்கு ஈடு செய்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்ததும், "இனிமே இவன் இங்க இருக்கக்கூடாது, வேதாரண்யத்துல ஹமீது பாய் உப்பளத்துக்குக் காவல் நாய் கேட்டுக்கிட்டு இருக்காரு, கொண்டுபோய் விட்டுடறேன்" என்றார். நீயும் போனில் கொடுத்துடும்மா, உனக்கு முட்டிவலி வேற என்றாய். தீபாவளி வெடிச் சத்தத்தில் நடுங்கிக்கொண்டு நம் வாசலில் ஒண்டிய குட்டியைத் தூக்கி வந்து பேர் வைத்தவளே நீதான், நீயே அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது. அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், "சம்பா அறுப்புக்கு வாத்து வர்ற வரைக்கும் டைம் கொடுங்க. அப்பவும் பாஞ்சான்னா நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

அவனை ஊசிக்குக் கூட்டிப்போனபோது கால்நடை டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அடிச்சா பயம்தாம்மா வரும். ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னா அவன் எதைக் கேப்பான்? எல்லாரும் ஒரே வார்த்தை சொல்லுங்க, அதுவும் ஓடி ஓஞ்சப்புறம் சொல்லுங்க" என்றார்கள். அன்றிலிருந்து காலையில் வாய்க்கால் கரையோடு அவனுக்கு நாக்குத் தொங்கும்வரை நடை, அப்புறம் நீளக் கயிறு, முந்தானையில் முடிந்த ஈரல் துண்டு, "இரு" என்கிற ஒரே சொல். அவனை விட அப்பாவைப் பழக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. நான் இரு என்றால் அவர் டேய் சும்மா கெடடா என்று அதட்டுவார், அடுத்த நிமிடமே தட்டிலிருந்து மீன் எடுத்துப் போடுவார். "இனிமே தட்டுலேருந்து ஒரு துண்டு போட்டீங்கன்னா நாளைக்கு நீங்களே சமைச்சுக்குங்க" என்ற பிறகுதான் அடங்கினார்.

மார்கழியில் ஒருநாள் ஆட்டைக் கண்டு இழுத்த இழுப்பில் வாய்க்கால் சேற்றில் விழுந்தேன், முட்டி வீங்கிவிட்டது. அப்பா அவனை மாமரத்தில் கட்டிவிட்டு ஹமீது பாய்க்குப் போன் போடப் போனார். நான் ஈரப் புடவையோடேயே போய்க் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டேன். விழுந்தது நான், விடலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியதும் நான்தானே. ஆட்டுக்கு அத்தனை கிட்டே அவனைக் கொண்டுபோனது என் அவசரம். வீக்கம் வடிந்ததும் எட்ட நின்று மறுபடி தொடங்கினேன். ஆட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு, பார்க்காவிட்டால் இன்னும் பின்னால் போய் நிற்பது என்று கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினோம்.

போன வாரம் வாத்துகள் வந்தன. வெடியைப் பார்த்ததுமே இளவழகன் கையிலிருந்த நீளக் கழியை ஓங்கிவிட்டார். "கொஞ்சம் பொறுங்க தம்பி, கயிறு என் கையிலதான் இருக்கு" என்றேன். கூட்டம் சளசளவென்று ரோட்டைக் கடக்க, இவனுக்கு உடம்பெல்லாம் நடுக்கம், முன்னங்கால் ஒன்று தரையில் படவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் இரு என்றேன். வாத்துகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முனகிக்கொண்டே உட்கார்ந்துவிட்டான் எழிலு! கடைசி வாத்து கடக்கிறவரை எழவில்லை. "உக்காந்துட்டானேக்கா, ஆனா நீங்க கயித்த விட்டுடாதீங்க" என்றார் இளவழகன். அவர் சொல்வதும் நியாயம்தான், கயிறு இல்லாமல் அவனை வயல் பக்கம் அனுப்ப மாட்டேன். கொள்முதல் நிலையத்திலிருந்து வந்த அப்பா சைக்கிளைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வீட்டுக்குள் போய், "பாய், நீங்க வேற நாய் பாத்துக்குங்க, இவன் எங்க வீட்டுப் பய" என்று போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது, புல்லட் சத்தம் கேட்டால் இப்போதும் துரத்துகிறான். அதையும் பழக்குவேன். நீ செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கொடுத்துவிடு என்று இனி வாயெடுக்காதே. வீடியோவில் வாடா வாடா என்று அவனைக் கிளப்பிவிடாதே. சித்திரையில் வரும்போது கேட்டைத் திறந்ததும் உன்மேல் பாய்வான், கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள், அவன் உட்காரும்வரை தொடாதே. எனக்கே மனசு கேட்காது, உனக்கு இன்னும் கஷ்டம், இருந்தாலும் செய். உட்கார்ந்த பிறகு முதலில் அவனைக் கட்டிக்கொள், பிறகு என்னிடம் வா. அதுவரை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். பொடியில் ஈரக் கரண்டி போடாதே, கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே.

உன் அம்மா,
வேம்பு