ஊதினால் தளரும் கை

அண்ணே,

சுழலும் காத்தாடிக்கு நேரே ஆற வைத்த மீ நூடுல்ஸ் சூப்பிலிருந்து வெங்காயத்தாள் மணம் வருகிறது. ஆறிய பிறகுதான் மகளுக்குக் கொடுப்பேன். சூடான எதையும் அவள் இனி ஊதிக் குடிக்கக் கூடாது.

போன மாதம் ஈப்போவில் ஒரு கடையில் சூப்பை ஊதிக்கொண்டிருந்தவளின் வலக்கையிலிருந்து கரண்டி விழுந்தது. கை தொங்கியது, பேச்சு குழறியது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகி, ஆறு வயதுப் பிள்ளை டாக்டரிடமே ஐஸ்கிரீம் கேட்டாள். முதல் ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. "பசி மயக்கமா இருக்கும்லா. வீட்டுக்குப் போலாம்" என்றார் என் கணவர்.

எனக்கு உன் நினைவு வந்தது. சுங்கை சிப்புட் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வீட்டில், வரக்கோப்பியை ஊதும்போது உன் கை தளர்ந்து கோப்பை சாயும். "கோப்பையே தூக்க முடியல, இவன் எங்க செம்பனைக் குலை வெட்டப் போறான்!" என்பார் அப்பா. "ஊதினாதான்பா இப்படி வருது" என்பாய். யாரும் காதில் வாங்கவில்லை. இருபத்து மூன்று வயதில் மூளையில் இரத்தம் கசிந்து நீ போனபோது, பிரஷர் என்று சொல்லி முடித்துக்கொண்டோம்.

நீ சொன்னதைத்தான் டாக்டரிடம் சொன்னேன். "ஊதினாதான் வருது டாக்டர். எங்க அண்ணனுக்கும் இப்படித்தான்." எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களைத் தனியாகப் படமெடுக்கச் சொன்னார். பெரிய குழாய்கள் இருபுறமும் சுருங்கியிருந்தன. அவற்றுக்கு ஈடாக முளைத்த நூல் போன்ற குழாய்கள் படத்தில் புகையாகத் தெரிந்தன. மோயமோயா என்று பெயர். அபூர்வமான நோய், சில குடும்பங்களில் தொடரும். பலமாக ஊதும்போது மூளைக்குப் போகும் இரத்தம் இன்னும் குறைந்துவிடுமாம்.

அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை. தலைத்தோலுக்குப் போகும் குழாயொன்றை மூளையின் குழாயோடு இணைப்பார்கள். பெரிய பக்கவாதம் வருவதற்கு முன்பே பிடித்துவிட்டோம் என்கிறார்கள். நான் இன்னும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"சின்ன வயசுல பார்த்தத எப்படிம்மா இவ்வளவு சரியா சொல்றீங்க?" என்று டாக்டர் கேட்டார். அடிக்கடி பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அப்பா வேலைக்குப் போனதும், "இன்னும் நல்லா ஊதுண்ணே" என்று உன்னைத் தூண்டியவள் நான். கோப்பை சாய்ந்தால் விழுந்து விழுந்து சிரிப்பேன். நான் சிரிப்பதற்காகவே நீ மறுபடியும் ஊதுவாய். அப்படித்தான் அண்ணே எனக்குத் தெரியும்.