ஹீட்டர் என்னுடையது

ஜூன் 6, சனி
எங்கள் ஊர் கிரெய்கிபர்ன் முழுக்க மூடுபனி; இங்கே ஜூன்தான் குளிர்காலம். துணி காயவில்லை. பால், வெங்காயம் வாங்கணும்.

விமானக் கிளப்பிலிருந்து குமரன் அண்ணா போன். "தங்கச்சி, முரளி நேற்று கிளப்பில அந்த விமானத்து ஹீட்டரைப் பற்றிக் கதைச்சவர். எல்லாம் தானே செய்ததாம். எல்லாரும் கை தட்டினவை."

தானே செய்ததாம்! நானும் முரளியும் ஒன்றாக வாழ்ந்தபோது சேர்ந்து கட்டிய குட்டி விமானம். பிரிந்தபோது அவனுக்கே விட்டுக்கொடுத்தேன். ஆனால் அந்த ஹீட்டர் முழுக்க என் வேலை. எஞ்சினைச் சுற்றி ஓடும் சுடுநீரில் கொஞ்சத்தைக் குழாய் வழியே உள்ளே இழுத்து, பழைய கார் ஹீட்டரின் சின்ன ரேடியேட்டரில் விட்டு, பின்னால் ஒரு ஃபேன். மணிக்கட்டில் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று அவன் சோபாவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

பால் மறந்துவிட்டேன்.

ஜூன் 8, திங்கள்
மழை. லீவு.
முரளி போன். பிரிந்த பிறகு முதல் தடவை.
"விமானத்துக்குள்ள இனிப்பா ஒரு வாசனை. கண்ணாடி வேற மங்குது. என்ன பண்றது?"
கேட்டதுமே புரிந்தது. ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது; அந்தத் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் இனிப்பாக மணக்கும்.
"நீதானே செஞ்ச? நீயே பாரு." வைத்துவிட்டேன்.
என்ன சுகம்! ஸ்ட்ராங்காக ஒரு காபி. பாதி குடிப்பதற்குள் நினைவு வந்தது: தண்ணீர் முழுக்க ஒழுகினால் நடுவானில் எஞ்சின் நின்றுவிடும். சாகட்டும் என்று நினைக்கத்தான் முடிகிறது, விட முடியவில்லை.
மெசேஜ் போட்டேன்: "பறக்காதே. சனிக்கிழமை வந்து கழட்டுறேன்."

ஜூன் 13, சனி
கடும் குளிர். விமானம் நிறுத்தும் ஹேங்கரில் விரல் மடங்கவில்லை.
ஹீட்டரைக் கழற்றி, குழாய் முனை இரண்டையும் ஒன்றாக இணைத்து, தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். சொட்டு ஒழுகவில்லை. சூடு சரியாக நிற்கிறது. என் வேலையில் குறை சொல்ல விடமாட்டேன்.
"புதுசு எப்ப மாட்டுவ?" முரளி கேட்டான்.
"மாட்ட மாட்டேன்."
"விண்டர்ல எப்படிப் பறக்கிறது?"
"ஸ்வெட்டர் போட்டுக்கோ."
கிளப் ஆட்கள் நாலைந்து பேர் தேநீரோடு நின்றார்கள். ஹீட்டரை அவர்கள் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போய் கார் டிக்கியில் வைத்தேன். குமரன் அண்ணா சத்தமாக, "அப்ப, இது தங்கச்சி செய்ததோ?" முரளி ஷூவைப் பார்த்தான்.
ஒரு வாரமாக நன்றாகச் சாப்பிடவில்லை. இன்று இரண்டு தட்டு பிரியாணி.

ஜூன் 14, ஞாயிறு
புல்லெல்லாம் வெள்ளை உறைபனி.
ஸ்பானர் பெட்டியை எடுக்கப் போனேன். நேற்று மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா, இங்கேகூட எழுதமாட்டேன்.
முரளி அப்போதுதான் பறந்துவிட்டு இறங்கினான். கூடவே அவனுடைய புதுத் தோழி ஷாலினி, உதடு நீலமாக. நேராக என் கார் அருகே வந்து கண்ணாடியைத் தட்டினாள்.
"அக்கா, கொஞ்ச நேரம் உள்ள இருக்கட்டா? கால் விறைச்சுப் போச்சு."
கதவைத் திறந்தேன். கார் ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். கையை அதன் முன்னால் நீட்டி வைத்தபடி நடுங்கினாள்.
"நீங்கள்தானே கழட்டினது?"
"ஆமா. நான் செஞ்சது."
"தான் செய்ததெண்டுதான் என்னட்டயும் சொன்னவர்." விரல்களைத் தேய்த்துக்கொண்டே, "சொன்னனான், குளிருது, இறக்குங்கோ எண்டு. சும்மா நடிக்காத எண்டவர்."
என்னிடமும் சொல்லியிருக்கிறான். இதே வார்த்தை.
தூரத்தில் முரளி, விமானத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, ஷாலினியைக் காத்திருக்கச் சொல்லிக் கை காட்டினான்.
"அக்கா, என்னை ட்ரெயின் ஸ்டேஷன்ல விடுவீங்களோ?"
"பெல்ட் போடு" என்றேன்.