டோக்கன் உருண்டை

ரெயில்வே குவார்ட்டர்ஸ்,
அரியலூர் தாலுகா,
12-7-1944, புதன்.

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, மகள் பஞ்சவர்ணம் வணக்கத்துடன் எழுதுவது.

அம்மாவுக்கும் தம்பிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பொன்மலையில் அரியமுத்துச் சித்தப்பா வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு இறங்குகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இங்கே அவளுக்கு இறங்கவில்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸையும் காலி பண்ண வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் அதை எங்கே வைப்பது என்று யோசிப்பவள் போல நிற்கிறாள்.

உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்ததிலிருந்து உங்கள் இடத்தில் செல்லமுத்து அண்ணன் பாயிண்ட்ஸ்மேனாக வந்திருக்கிறார். நல்லவர்தான். ஆனால் லீவரை உங்களைப் போல ஒரே மூச்சில் இழுப்பதில்லை. பாதியில் நிறுத்தி இழுக்கிறார். கைகாட்டி இறங்கும் சத்தத்திலேயே நீங்கள் இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

ஜானகி டீச்சர் நேற்று நோட்டு வாங்கினார். அவரவர் வீட்டில் புழங்கும் இங்கிலீஷ் தொழில் சொற்களுக்குத் தமிழ் எழுதி வரச் சொல்லியிருந்தார் அல்லவா, அந்த நோட்டு. முப்பத்தொரு சொல் எழுதியிருந்தேன். சிக்னலுக்குக் கைகாட்டி. பிளாக் என்பதற்கு, ஒரு சமயத்தில் ஒரே வண்டி போகும் பாதைத் துண்டு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டியே போய்விடும் என்று டீச்சர் சிரித்தார். டோக்கனுக்கு எதிரே மட்டும் காலியாக விட்டிருந்தேன். ஏன் என்று கேட்டார். தெரியவில்லை என்று பொய் சொன்னேன்.

அப்பா, சனிக்கிழமை திருச்சியில் உங்களுக்கு விசாரணை என்று ஸ்டேஷன் மாஸ்டர் காசிநாதன் சார் சொன்னார். அதற்குள் உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்ஸ் வண்டி டிரைவர், டோக்கன் உருண்டை வைத்த தோல்பையோடு வீசிய பிரம்பு வளையத்தை நீங்கள் பிடித்தீர்கள். தண்டவாளம் பிரியும் பாயிண்ட்ஸ் பக்கம் கார்டு கூப்பிட்டதால், நான் உட்கார்ந்திருந்த வேலிக் கம்பத்தில் அதை மாட்டிவிட்டு, ரெண்டு நிமிஷம், தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் தொட்டேன். வளையத்தின் தோல்பையிலிருந்து இரும்பு உருண்டையை எடுத்து, அதில் வெட்டியிருந்த எழுத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் திரும்பி வருவது தெரிந்ததும் பயத்தில் புத்தகப் பைக்குள் போட்டுவிட்டேன். நீங்கள் தோல்பையைப் பார்க்காமலே வளையத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினீர்கள்.

உருண்டை எனக்குத் தெரியாமல் பைக்குள் விழுந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. எனக்குத் தெரியும். வண்டிகள் நின்ற நாற்பது நிமிஷமும் தெரியும்.

அந்த உருண்டையை ஆபீசிலுள்ள டோக்கன் பெட்டியில் போட்டால்தான் அடுத்த வண்டிக்கு வேறு உருண்டை எடுக்க வரும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். இங்கே பாசஞ்சர் நின்றது. அடுத்த ஸ்டேஷனில் பட்டாளத்து ஸ்பெஷல் நின்றது. நடுவில் ஏழு மைல் தண்டவாளம் காலியாகக் கிடந்தது. குன்னத்து வெங்காய வியாபாரி ஒருவர் இறங்கி வந்து, டிரைவர் மாமியார் வூட்டுக்குப் போயிட்டாரா பாப்பா என்று என்னிடம் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் தண்டவாளத்து ஜல்லியில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தீர்கள். முழங்காலில் ரத்தம் தெரிந்த பிறகுதான் ஓடி வந்து கொடுத்தேன்.

நீ ஸ்டேஷன் பக்கமே வரலை, யார் கேட்டாலும் அதான் என்றீர்கள். வளையத்தைப் பிடிக்கும்போது உருண்டை தவறி ஜல்லியில் விழுந்துவிட்டது என்று சாரிடம் சொன்னீர்கள். அதை அப்படியே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

பத்து நாளாக யோசிக்கிறேன். உண்மையைச் சொன்னால் பொய் எழுதிக் கொடுத்ததற்கும் சேர்த்து உங்களைத் தண்டிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் பதினெட்டு வருஷம் ஒரு தவறும் செய்யாத நீங்கள் கவனம் இல்லாதவர் ஆகிவிடுவீர்கள். எனக்காக நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் சொன்னதற்காக நான் திறக்கவில்லை. அந்த இரண்டு வண்டிகளைப் போல நாம் இரண்டு பேரும் நிற்கிறோம். இந்த நிலைக்கு உங்கள் ரூல் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறதா என்று முழுக்கத் தேடினேன். இல்லை.

நேற்று மாலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அடிக்கவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு, பள்ளிக்கூடத்துப் பாவாடையைத் துவைச்சுப் போடு, வெள்ளிக்கிழமைக்குள்ள காயணும் என்றாள்.

வெள்ளிக்கிழமை பாசஞ்சரில் காசிநாதன் சார் சாட்சி சொல்லத் திருச்சிக்கு வருகிறார். அம்மாவும் நானும் அதே வண்டியில் வருகிறோம். விசாரிக்கும் துரை தமிழ் தெரியாதவராக இருந்தால் என்ன செய்வது என்று நடந்ததை இங்கிலீஷிலும் எழுதி வைத்திருக்கிறேன். உருண்டையில் தேய்த்தெடுத்த காகிதமும் கூட இருக்கிறது. சார் முகத்தைப் பார்த்து முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். அதைத்தான் தினமும் சொல்லிப் பார்க்கிறேன்.

வர வேண்டாம் என்று பதில் போடாதீர்கள், அப்பா. உருண்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னது நீங்கள். அது இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

முழங்கால் காயத்துக்கு அம்மா மஞ்சள் அரைத்து எடுத்து வருகிறாள். பிளாட்பாரத்துக்கு நீங்கள் வர வேண்டும். கோபத்தோடு வந்தாலும் சரி.

உங்கள் ஆசீர்வாதத்தைக் கேட்க இன்னும் தைரியம் வராத மகள்,
க. பஞ்சவர்ணம்,
மூன்றாம் பாரம்.